சிபிடி எண்ணெய், கம்மி, கஞ்சா: புதிதாகத் தொடங்க நினைப்பவருக்கு ஒரு மருந்துக்கடைக்காரரின் பதில்

கேள்வி இதுதான். திருப்பாதிரிப்புலியூரில் வீடு, புதுச்சேரியில் வேலை. அம்மாவுக்கு 64 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இதய வால்வு மாற்றியவர், அதனால் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் அசிட்ரோம் மாத்திரை. டொரண்டோவில் இருக்கும் அக்கா, "இங்கே எல்லாரும் எடுத்துக்கிறாங்க, ஒரு புட்டி சிபிடி எண்ணெயும் ஒரு டப்பா கம்மியும் பார்சல்ல அனுப்பவா" என்று கேட்கிறார். சிபிடி கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது, கம்மி என்பது அந்தச் சரக்கைக் கலந்த ஜெல்லி மிட்டாய். கேள்வி கேட்ட தம்பிக்கும் இரவில் தூக்கம் பிடிப்பதில்லை. எண்ணெயா, கம்மியா, புகையா, புதிதாகத் தொடங்குபவர் எதில் தொடங்குவது, எவ்வளவு எடுப்பது? பாண்டியில் இதற்கெல்லாம் தடை இல்லை என்கிறார்களே, உண்மையா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. அம்மாவுக்கு வேண்டாம், அதில் பேச்சுக்கே இடமில்லை. அக்கா பார்சல் எதுவும் அனுப்பக் கூடாது. உங்களுக்குச் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு வழி இருக்கிறது, ஆனால் அது தூக்கத்துக்குப் பெரிதாக உதவும் என்று நான் நம்பவில்லை. நான் மருத்துவர் அல்ல. புதுச்சேரியில் மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவன். மருந்தின் பெயரைக் கேட்டு வாங்குபவர்களே அதிகம். அளவைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. இந்த விஷயத்தில் பெயரைவிட அளவுதான் முக்கியம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பாண்டிக் கதை. ஆல்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டினால் மதுவின் விலை மாறும், போதைப்பொருள் சட்டம் மாறாது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மத்திய அரசுடையது. கடலூருக்கு எதுவோ அதுவேதான் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்குக்கும். பிரெஞ்சுக்காரர் காலத்துச் சலுகை ஏதோ மிச்சமிருப்பதாகக் கடற்கரைச் சாலையில் வார இறுதிக்கு வருகிற பையன்கள் பேசிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்றும் கிடையாது.

அந்தச் சட்டம் செடியைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்க்கிறது. பூவும் காயும் பிடித்த நுனிப்பகுதி கஞ்சா. அதன் பிசின் சரஸ். இரண்டும் தடை, இவை கலந்த எதுவும் தடை. நுனி சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. வடமாநிலங்களில் பாங்குக் கடை, அதாவது கஞ்சா இலையை அரைத்து விற்கும் கடை, நடப்பது இந்த இடைவெளியில்தான். அதை நம்பி நம் பக்கம் இலை வைத்திருக்க முடியாது. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் அந்த இலையையும் போதைப்பொருளாகவே எண்ணுகிறது. பெட்டிக்கடையில் பிடிபட்டதாகச் செய்தியில் வரும் 'கஞ்சா சாக்லேட்' பெரும்பாலும் வடக்கிலிருந்து வருகிற இந்தப் பாங்கு உருண்டைதான். உறையில் ஆயுர்வேதம் என்று அச்சடித்திருந்தாலும் காப்பாற்றாது.

இன்னொரு தவறான நம்பிக்கை: ஒரு கிலோ வரைக்கும் குற்றமில்லை என்பது. சட்டம் கஞ்சாவில் 1,000 கிராம் வரை சிறு அளவு என்றும், 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு என்றும் வகுத்திருக்கிறது. சிறு அளவு என்றால் தண்டனை குறைவு, அவ்வளவுதான். அந்தக் குறைந்த தண்டனையே ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வைத்திருக்காமல் புகைத்ததாக மட்டும் வழக்கு வந்தால் ஆறு மாதம் வரை. மாடியில் ஒரு தொட்டியில் செடி வளர்க்கலாமே என்று தோன்றுகிறதா? வளர்ப்பதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, பத்தாண்டு வரை போகும். கேப்பர் மலை மத்திய சிறை உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் போலீஸ் சரிபார்ப்பு வரும்போது, அபராதத்தோடு முடிந்த வழக்கும் குறுக்கே வந்து நிற்கும்.

அக்காவின் பார்சலும் இதே கணக்குதான். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கடையில் வாங்கலாம், உண்மை. ஆனால் அதை நாட்டு எல்லையைத் தாண்டி எடுத்துப்போவதும் அனுப்புவதும் அந்த நாட்டிலேயே குற்றம். சிபிடி எண்ணெயும் அதில் சேர்த்தி. இங்கே வந்து இறங்கினால் இறக்குமதி. முகவரியில் இருப்பது அம்மாவின் பெயர். சுங்கத்தில் ஆய்வகத்துக்கு அனுப்பி, போதை தரும் டிஎச்சி இருக்கிறது என்று அறிக்கை வந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர். அக்கா நல்ல மனதோடுதான் கேட்கிறார். ஆனால் அங்கே சாதாரணக் கடைப்பொருளாக இருப்பது இங்கே வழக்குப் பொருளாகிவிடும்.

இனி பொருளுக்கு வருவோம். இந்தச் செடியில் நூற்றுக்கு மேற்பட்ட சேர்மங்கள் உண்டு. நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று டிஎச்சி. மயக்கம், சிரிப்பு, பசி, படபடப்பு, சந்தேக புத்தி எல்லாம் அதன் வேலை. 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெச்சூலமும் யெஹியேல் கவோனியும் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். மூளையில் சிபி1 என்ற ஏற்பியில் அது உட்கார்ந்து வேலை செய்கிறது. மற்றொன்று சிபிடி. அது அந்த ஏற்பியில் அப்படி நேராக உட்காராது, போதை தராது. ஆனால் போதை தராது என்பதை 'ஒன்றும் செய்யாது' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்லீரலில் அது செய்கிற வேலை பெரிது. அம்மாவின் விஷயத்தில் சிக்கலே அதுதான்.

இந்தியாவில் சட்டப்படி கையில் கிடைப்பவை இரண்டு வகை. முதலாவது ஹெம்ப் என்ற போதை குறைந்த கஞ்சா வகையின் விதை, விதை எண்ணெய், விதை மாவு. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இவற்றை உணவாக விற்க அனுமதித்தது. நல்ல புரதம், நல்ல கொழுப்பு, எள்ளைப் போல் தூவிச் சாப்பிடலாம். இதில் சிபிடி ஏறக்குறைய இல்லை. கிலோவுக்கு 75 மில்லிகிராமுக்கு மேல் இருக்கவே கூடாது என்பது விதி. இணையத்தில் 'ஹெம்ப் ஆயில்' என்று பச்சை இலைப் படம் போட்டு, சின்ன சொட்டுப் புட்டியில் அடைத்து, வலி போகும் தூக்கம் வரும் என்று விற்பது பல நேரம் இந்த விதை எண்ணெய்தான். சமையல் எண்ணெயை மருந்து விலைக்கு வாங்கிய கதை. உடம்புக்குக் கெடுதல் இல்லை, பர்ஸுக்குத்தான்.

இரண்டாவது, ஆயுஷ் உரிமம் பெற்ற 'விஜயா' மருந்துகள். கஞ்சா இலைக்கு ஆயுர்வேதம் வைத்திருக்கும் பெயர் விஜயா. ஜாதிபலாதி சூரணம் போன்ற பழைய மருந்துகளில் அது உண்டு. சித்தத்திலும் சுத்தி செய்து சேர்ப்பார்கள். மருந்துச் சட்டத்தின் நச்சுப்பொருள் பட்டியலில், அதாவது அட்டவணை இ-1-இல், ஆயுர்வேதத்துக்கும் சித்தத்துக்கும் இரண்டிலுமே இது இருக்கிறது. ஆகவே உள்ளுக்குச் சாப்பிடும் புட்டியில் 'மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும்' என்ற எச்சரிக்கை கட்டாயம். உரிமம் பெற்ற நிறுவனங்கள் இணையத்தில் மருத்துவரோடு பேசவைத்து, சீட்டு கொடுத்து, வீட்டுக்கு அனுப்புகின்றன. அந்த ஆலோசனை சில இடங்களில் மூன்று நிமிட வீடியோ அழைப்பாக முடிந்துவிடுகிறது. என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்றே கேட்காமல் சீட்டு எழுதினால் அந்தச் சீட்டுக்கு மதிப்பில்லை. பக்கத்திலேயே நேரில் பார்க்கக்கூடிய ஆயுர்வேத, சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரியில் மத்திய அரசின் சித்த ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. நேரில் போய் நாடி காட்டுங்கள், பழைய சீட்டுகளையும் காட்டுங்கள்.

இப்போது லேபிள். நான் நின்று நிதானமாகச் சொல்ல விரும்புவது இந்த இடம். 30 மில்லி புட்டியில் பெரிய எழுத்தில் '1500' என்று போட்டிருப்பார்கள். அது புட்டி முழுவதற்குமான மில்லிகிராம். 30-ஆல் வகுத்தால் ஒரு மில்லியில் 50. சொட்டுக்குழாயில் ஒரு மில்லி ஏறத்தாழ 20 சொட்டு, ஆக ஒரு சொட்டில் 2.5 மில்லிகிராம். '3000' என்றால் சொட்டுக்கு 5. இந்த வகுத்தல் தெரியாமல் 'அரைக் குழாய்' என்று சொல்லிக் குடிப்பவர் ஒரு புட்டியில் 25 மில்லிகிராமும் அடுத்த புட்டியில் 50 மில்லிகிராமும் எடுத்துக்கொண்டிருப்பார், இரண்டும் ஒன்றே என்ற நினைப்பில்.

அடுத்த கேள்வி: எதன் மில்லிகிராம்? நம் ஊர்ப் புட்டிகளில் 'விஜயா சாறு 1500 மி.கி.' என்று மட்டும் இருக்கும். சாறு என்பது முழுக் கலவை. அதில் சிபிடி எவ்வளவு, டிஎச்சி எவ்வளவு என்பது தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். எழுதியில்லையென்றால் அந்தத் தொகுதி எண்ணுக்கான ஆய்வகச் சான்றிதழை அனுப்பச் சொல்லுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள். விஜயா என்ற பெயரிலேயே டிஎச்சி கணிசமாக உள்ள எண்ணெய்களும் விற்கின்றன. சிபிடி என்று நினைத்து அதை எடுத்துவிட்டுக் காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். லேபிளை அப்படியே நம்புவதற்கும் இல்லை. அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களை வாங்கிச் சோதித்து 2017-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். லேபிளும் உள்ளிருப்பதும் பொருந்தியது 31 சதவீதத்தில்தான். 18 பொருட்களில் டிஎச்சி இருந்தது. கட்டுப்பாடு ஓரளவு இருக்கிற சந்தையிலேயே இந்த நிலை. தெருவில் விற்கும் கஞ்சாப் பொட்டலத்துக்கு லேபிளே கிடையாது. இந்த வாரப் பொட்டலத்துக்கும் போன வாரப் பொட்டலத்துக்கும் வீரியம் எத்தனை மடங்கு வேறு என்று விற்பவனுக்கும் தெரியாது.

எந்த வடிவம் என்று கேட்டீர்கள். உடம்புக்குள் போகிற பாதையைப் பொறுத்து ஒரே சரக்கு வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

புகையாக இழுத்தால் நிமிடங்களில் மூளைக்கு ஏறும், அரை மணியில் உச்சம், இரண்டு மூன்று மணியில் இறங்கும். சீக்கிரம் தெரிவதால் நிறுத்திக்கொள்ளலாம் என்பார்கள். ஆனால் எரிகிற எந்த இலையின் புகையிலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டு, நம் ஆட்கள் அதோடு புகையிலையையும் கலப்பார்கள். சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் புதியவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் வேப் பேனா இந்தியாவில் 2019 முதல் முழுத்தடை. அதே ஆண்டு அமெரிக்காவில் டிஎச்சி வேப் திரவத்தில் வைட்டமின் ஈ அசிடேட்டைக் கலந்து விற்றதால் நுரையீரல் பாதிக்கப்பட்டு 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். யார் அடைத்தார்கள் என்று தெரியாத திரவத்தை நுரையீரலுக்குள் இழுக்காதீர்கள்.

கம்மி, சாக்லேட், பாங்கு லஸ்ஸி எல்லாம் வயிற்று வழி. புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வேலை தொடங்கவே அரை மணி முதல் இரண்டு மணி ஆகும். உச்சம் அதற்கும் பிறகு. மொத்தம் ஆறு எட்டு மணிநேரம் நீடிக்கும், சிலருக்கு மறுநாள் காலை வரை மந்தம் இருக்கும். டிஎச்சி கல்லீரலைக் கடக்கும்போது 11-ஹைட்ராக்சி டிஎச்சி என்று மாறி இன்னும் வேகமாக மூளைக்கு ஏறும். ஒன்று சாப்பிட்டு முக்கால் மணியில் 'ஒன்றும் தெரியவில்லையே' என்று இரண்டாவதையும் வாயில் போட்டவர்தான் நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருகிறார். கனடாவில் ஒரு பாக்கெட்டுக்கு 10 மில்லிகிராம் டிஎச்சிக்கு மேல் கூடாது என்று சட்டம் வைத்திருப்பதே இதற்காகத்தான். நாளைக்கு நீங்கள் அக்காவைப் பார்க்க டொரண்டோ போய், அங்கே சட்டப்படி முயல்வதாக இருந்தால் 2.5 மில்லிகிராம் போதும். அன்று முழுக்க வேறு எதுவும் வேண்டாம், மது தொடவே கூடாது, வண்டி எடுக்கக் கூடாது, பழகிய ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். 25 வயதுக்குக் கீழ் இருந்தால், அல்லது குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவோ இருதுருவ மனநிலைக் கோளாறோ இருந்தால், அதுவும் வேண்டாம். வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் பயன்படுத்துபவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று ஐரோப்பிய நகரங்களில் நடந்த ஆய்வு 2019-இல் லான்செட் மனநல இதழில் வந்தது.

நாக்கின் அடியில் விடும் எண்ணெய் நடுவழி. ஒன்றிரண்டு நிமிடம் அடக்கி வைத்து விழுங்கச் சொல்வார்கள். உண்மையில் பெரும்பகுதி விழுங்கித்தான் உள்ளே போகிறது. வாய்வழி சிபிடியில் ரத்தத்தில் சேர்வது நூற்றுக்கு ஆறு பங்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் கொழுப்புச் சாப்பாட்டோடு எடுத்தால் அது நான்கைந்து மடங்காகக் கூடும். வெறும் வயிற்றில் ஒருநாள், பிரியாணிக்குப் பிறகு ஒருநாள் என்று எடுத்தால் அளவு ஒன்று, விளைவு வேறு. எனவே தினமும் ஒரே நேரம், ஒரே மாதிரி உணவு. மேலே பூசும் தைலம் ரத்தத்தில் அதிகம் சேராது. அதனால் ஆபத்தும் குறைவு. வேலை செய்வது சிபிடியா, அதில் கூடவே இருக்கும் மென்தாலும் கற்பூரமுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். மருத்துவர் சீட்டு கொடுத்து, சான்றிதழ் உள்ள, டிஎச்சி இல்லாத எண்ணெய் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இரவு உணவுக்குப் பின் 5 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரம் அதே அளவில் நின்று, நோட்டில் எழுதிவைத்துப் பார்ப்பதுதான் முறை. பிரிட்டனின் உணவுத் தர நிறுவனம் ஆரோக்கியமான பெரியவர்களுக்கே நாளுக்கு 70 மில்லிகிராம் வரை என்று முன்பு சொன்னதை 2023 அக்டோபரில் 10 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. நீண்டநாள் எடுத்தால் கல்லீரலுக்கு என்ன ஆகும் என்ற கவலைதான் காரணம். இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது பாருங்கள். மேடைப் பேச்சுப் பதற்றத்துக்குச் சிபிடி உதவியதாகப் பிரேசிலில் செய்த சோதனைகளில் கொடுத்தது ஒரே வேளையில் 300 மில்லிகிராம். வலிப்பு நோய்க்கு அமெரிக்கா 2018-இல் அனுமதித்த எபிடியோலெக்ஸ் மருந்தின் நாள் அளவு எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 600 முதல் 1,200. ஆக, பாதுகாப்பு என்று சொல்லும் அளவில் பலன் நிரூபணமாகவில்லை. பலன் காட்டிய அளவு, மருத்துவர் கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டே கொடுக்க வேண்டிய அளவு. நடுவில் கிடக்கும் 10, 25 மில்லிகிராம் கம்மிகளுக்குத்தான் விளம்பரம் எல்லாம். உங்கள் பணம், உங்கள் விருப்பம். நானாக இருந்தால் ஜிப்மர் மனநலப் பிரிவின் புறநோயாளிச் சீட்டுக்கு வரிசையில் நிற்பேன். தூக்கமின்மைக்கு மாத்திரை இல்லாத பயிற்சி முறையே முதல் சிகிச்சை, அதற்கு ஆதாரமும் அதிகம். ராத்திரி ஒன்பது மணி டீயையும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள்.

இனி அம்மா. ரத்தம் உறையாமல் இருக்க அவர் போடும் அசிட்ரோம் மாத்திரையைக் கரைத்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலின் சிஒய்பி2சி9 என்ற நொதி செய்கிறது. சிபிடி அந்த நொதியைக் கட்டிப்போடும் தன்மை உடையது. மாத்திரை வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் ஏறும். செயற்கை வால்வுக்காக மருத்துவர் பார்த்துப் பார்த்து நிறுத்திவைத்திருக்கும் எண் அது. ஏறினால் ஈறில் ரத்தம், சிறுநீரில் ரத்தம், தவறி விழுந்தால் தலைக்குள் ரத்தம். இதே குடும்பத்தைச் சேர்ந்த வார்ஃபரின் எடுத்த ஒரு நோயாளிக்குச் சிபிடி தொடங்கிய பிறகு வார்ஃபரின் அளவைச் சுமார் 30 சதவீதம் குறைக்க வேண்டிவந்ததாக மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அது மருத்துவமனைக் கண்காணிப்பில் நடந்தது, பிடித்துவிட்டார்கள். திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் மாதம் ஒருமுறை ஐஎன்ஆர் பார்ப்பவருக்கு யார் பிடிப்பார்கள்? அம்மா மட்டும் என்றில்லை. வலிப்பு மாத்திரைகளான குளோபசாம், வால்ப்ரோயேட், உறுப்பு மாற்றியவர்களின் டாக்ரோலிமஸ், ஸ்டென்ட் வைத்தவர்களின் குளோபிடோக்ரல் என்று இந்தப் பட்டியல் நீளும். 'இயற்கை மருந்துதானே' என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தப்பு.

அதுவும் முழங்காலுக்கு இதனால் பலன் இருந்தாலாவது யோசிக்கலாம். வியன்னாவில் முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்குத் தினமும் 600 மில்லிகிராம் சிபிடி எட்டு வாரம் கொடுத்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். வலியில் வித்தியாசமில்லை. டென்மார்க்கில் கை மூட்டுத் தேய்மானத்துக்கு 20, 30 மில்லிகிராம் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்ததிலும் அதே முடிவு. அம்மாவைத் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ள வையுங்கள், எடையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். வலி ஜெல்லோ மாத்திரையோ எதுவானாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். சாதாரண வலி மாத்திரைகளே அசிட்ரோமோடு சேர்ந்தால் ரத்தக்கசிவைக் கிளப்பும்.

கடலூர்ப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம் என்பதால் இதையும் சேர்க்கிறேன். இங்கே மருத்துவர் சீட்டோடு வாங்கிய எண்ணெயானாலும் பெட்டியில் வைக்காதீர்கள். சிங்கப்பூரில் சிபிடியும் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கு. அமீரகமும் இதில் கெடுபிடி. விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் சட்டம் அந்த நாட்டுடையதுதான். 'முழு நிறமாலை' என்று விற்கும் சிபிடி எண்ணெயில் துளி டிஎச்சி இருக்கும். தினமும் எடுத்தால் அது கொழுப்பில் சேர்ந்து சிறுநீர்ச் சோதனையில் காட்டலாம். கப்பல் கம்பெனி, எண்ணெய் நிறுவனம் என்று வேலைக்குச் சேரும்முன் சோதனை வைக்கும் இடங்களில் 'தூக்கத்துக்குச் சாப்பிட்டேன்' என்ற விளக்கம் எடுபடாது.

ஏற்கெனவே கஞ்சா பழகிவிட்ட நண்பர் யாராவது இதைப் படித்தால்: தொட்டவர்களில் ஏறத்தாழ பதினொருவரில் ஒருவர் அடிமையாகிறார் என்பது கணக்கு. சின்ன வயதில் தொடங்கினால் இன்னும் கூடும். விட்ட முதல் வாரம் எரிச்சல், பசியின்மை, தூக்கம் கெடுவது எல்லாம் வரும், போகும். நீண்டநாள் புகைத்தவருக்குத் திரும்பத் திரும்ப வாந்தி, வெந்நீரில் குளித்தால் மட்டும் நிம்மதி என்று இருந்தால் அது வயிற்றுக் கோளாறு இல்லை, கஞ்சாவால் வரும் வாந்தி நோய். ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்துச் செலவழிப்பதற்கு முன் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, அடிமையானவர் தானே முன்வந்து சிகிச்சைக்குச் சேர்ந்தால் சிறு அளவு வழக்கிலிருந்து விலக்குத் தரும் 64ஏ பிரிவு இருக்கிறது. இதை யாரும் சொல்வதில்லை. 14446 மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். மனம் சரியில்லை என்றால் 14416, தமிழிலேயே பேசலாம்.

அளவு மீறிவிட்டால் என்ன செய்வது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர் என்றால் பெரும்பாலும் படபடப்பும் பயமும்தான், 'செத்துவிடுவேன்' என்று தோன்றும். வெளிச்சம் குறைந்த அறையில் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, கூடவே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் சில மணியில் இறங்கும். புளிக்கரைசல், உப்புத் தண்ணீர் என்று வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், மயக்கத்தில் புரையேறிவிடும். நெஞ்சு வலி, மூச்சு முட்டல், எழுப்பினாலும் எழாமை, இல்லாதது காதில் கேட்பது, இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரி. குழந்தை தவறிச் சாப்பிட்டுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்கவே கூடாது. கம்மி பார்க்க ஜெல்லி மிட்டாய் மாதிரியே இருக்கும், நான்கு வயதுக் குழந்தை டப்பாவையே காலி செய்துவிடும். முதலில் தூங்கி வழியும், பிறகு மூச்சு மந்தமாகும். உடனே 108. போலீஸ் பயத்தில் 'என்ன சாப்பிட்டதென்று தெரியவில்லை' என்று டாக்டரிடம் சொன்னால், மூளைக்காய்ச்சல் என்று நினைத்து முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கிற வரைக்கும் போகும். சாப்பிட்ட பொருளின் உறையையும் கையோடு எடுத்துப் போங்கள். ஒன்றில் எத்தனை மில்லிகிராம் என்று அதில்தான் எழுதியிருக்கும்.